கிளாஸ்கோவின் வளைந்த கால்கள்

ஒரு சிறிய சோதனையோடு தொடங்குவோம். மார்கழி மாதத்தில், டிசம்பர் 22ஆம் நாளையொட்டி, சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி ஒன்றை மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அதன் நிழலை அளந்து பாருங்கள். நீங்கள் சென்னையில் இருந்தால் நிழல் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் இருக்கும். ஆண்டிலேயே சூரியன் நமக்கு மிகவும் தாழ்ந்து தெரியும் நண்பகல் அது. அதே நாளில் அதே குச்சியை ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் நிறுத்தினால், வானம் மேகமின்றி இருக்கும் பட்சத்தில், நிழல் 5 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும். சரி, அவர்களுடைய கோடையில்? ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் கிளாஸ்கோவில் நிழல் 64 சென்டிமீட்டர். அதாவது, அந்நகரத்துக் கோடையின் உச்சமும் நம்முடைய மார்கழி நண்பகலும் ஏறக்குறைய ஒன்றே!

இது என்ன வானவியல் பாடமா என்று கேட்காதீர்கள். பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பிரிட்டனுக்குக் குடியேறிய குடும்பங்களில் 1960களில் பிள்ளைகளின் கால்கள் வளைந்தன. தாய்மார்களால் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்குரிய காரணத்தில் பெரும்பகுதி அந்த நிழலின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. மீதிப் பகுதி அடுப்பங்கரையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அரசாங்க அலுவலகங்களில் இருக்கிறது.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஒளியியல் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "சார், பிறந்த குழந்தையைக் கண்ணாடி ஜன்னல் ஓரத்து வெயிலில் கிடத்தினால் வைட்டமின் டி கிடைக்குமா?" என்று கேட்டார். விடையை அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைத் தேடிப் போனபோதுதான் இந்த வரலாறு அகப்பட்டது.

பழைய நோய், பழைய சண்டை

ரிக்கெட்ஸ் என்னும் நோயை நம்மில் பலர் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருப்போம். வளரும் எலும்பு முதலில் மெத்தென்ற பொருளாகத்தான் உருவாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து அதைக் கெட்டியாக்குகின்றன. படியாமற் போனால் எலும்பு உடலின் எடையைத் தாங்காமல் வளையும். கால்கள் வில்போல வெளிப்பக்கம் வளையும், அல்லது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும், மணிக்கட்டு பருக்கும். வளர்ச்சி முடிந்தவர்களுக்கு இதே கோளாறு வந்தால் ஆஸ்டியோமலேசியா என்று பெயர். கால் வளையாது, ஆனால் இடுப்பும் முதுகும் வலிக்கும், தசைகள் சோரும், நடை தள்ளாடும். சிறுவயதில் இடுப்பெலும்பு குறுகிப்போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் பிரசவமே உயிராபத்தாக முடியும்.

இந்நோயைப் பற்றி 1645ஆம் ஆண்டில் டேனியல் விஸ்லரும் 1650இல் பிரான்சிஸ் கிளிசனும் நூல் எழுதினார்கள். இருவரும் ஆங்கிலேயர்கள். 'ஆங்கிலேய நோய்' என்றே ஐரோப்பாவில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தொழிற்புரட்சி வந்து நகரங்கள் நிலக்கரிப் புகையில் மூழ்கியபோது நோய் பன்மடங்காகப் பெருகியது. கிளாஸ்கோ அதன் தலைநகரம் போலாயிற்று. நான்கு மாடிக் குடியிருப்புகள், இருண்ட முற்றங்கள், புகை மூடிய வானம்; அங்கே தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் வளைந்த கால்கள் தெருவில் அன்றாடக் காட்சி.

ஏன் வருகிறது இந்நோய்? இங்கேதான் சண்டை தொடங்கியது. போலந்து நாட்டு மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி 1822ஆம் ஆண்டிலேயே, வார்சா நகரக் குழந்தைகளுக்கு இருப்பது போல் நாட்டுப்புறக் குழந்தைகளுக்கு இந்நோய் இல்லை என்றும், வெயிலே மருந்து என்றும் எழுதினார். தியோபால்டு பாம் என்ற மருத்துவர் ஜப்பானில் பணியாற்றிவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பியவர். ஜப்பானில் காணாத நோயைத் தாய்நாட்டில் எங்கும் கண்டு வியந்து, பல நாடுகளிலிருந்து செய்தி திரட்டினார். உணவிலும் தூய்மையிலும் பின்தங்கிய இடங்களில்கூட வெயில் இருந்தால் நோய் இல்லை என்று 1890இல் எழுதினார். இருவர் சொன்னதையும் அன்று எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளாஸ்கோ மருத்துவர் லெனார்டு ஃபின்ட்லே வேறொன்று சொன்னார். 1908ஆம் ஆண்டில் நாய்க்குட்டிகளை அடைத்து வளர்த்து, ஓடியாடும் பயிற்சி இல்லாமையே நோய்க்குக் காரணம் என்றார். இன்றைய மொழியில் சொன்னால், 'உடற்பயிற்சி'க் கட்சி. லண்டனில் எட்வர்டு மெல்லன்பி 'உணவு'க் கட்சி. அவரும் நாய்க்குட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டார். ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்த குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது; காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்தால் குணமாயிற்று. இது 1919இல் வெளியாயிற்று. ஓட்ஸ் கஞ்சிதான் ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய அன்றாட உணவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே 1919இல் பெர்லினில் குர்ட் ஹூல்ஷின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகள் மீது பாதரச ஆவி விளக்கின் ஒளியைப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டினாலும் இரண்டு கைகளின் எலும்பும் கெட்டிப்பட்டன! தோலில் உண்டான ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் போகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைக்குமா? அவர் பயன்படுத்தியது குவார்ட்ஸ் விளக்கு. சாதாரணக் கண்ணாடியாக இருந்திருந்தால் சோதனை தோற்றிருக்கும். ஏனெனில் தோலில் வைட்டமின் டி உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் வேண்டும். ஜன்னல் கண்ணாடி இவற்றை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் சூட்டையும் மட்டும் உள்ளே விடும். என் மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும், மூடினால் கிடைக்காது.

உணவா, வெயிலா? இரண்டும் ஒன்றே என்பதை முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் பட்டினியால் வாடிய குழந்தைகளிடையே பணியாற்றிய ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் காட்டினர். மீன் ஈரல் எண்ணெயும் குணமாக்கும், வெயிலும் குணமாக்கும். 1924இல் அமெரிக்காவில் ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருளின் மீதே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி அதில் வைட்டமின் டி-யை உண்டாக்கிக் காட்டினார். ஃபின்ட்லேயின் அடைபட்ட குட்டிகளுக்கு இல்லாமற் போனது ஓட்டமா, வெயிலா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாயின் தோல் வெயிலில் வைட்டமின் டி-யை மிகமிகச் சொற்பமாகவே உண்டாக்கும் என்பது 1990களில் தெரிந்தது. சண்டை போட்ட இரு கட்சியினரும் அதற்குப் பொருத்தமில்லாத விலங்கையே பிடித்திருக்கிறார்கள்!

நம் நாட்டிலிருந்தும் ஒரு சான்று உண்டு. நாசிக் நகரில் ஹட்சிசன், ஷா ஆகிய இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1922இல் வெளியாயிற்று. கோஷா முறையில் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த வசதியான குடும்பத்துக் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் இருந்தது. அரைவயிறு உண்டு வயலில் வேலை செய்த ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்கு இல்லை. வெயில் கொளுத்தும் நாட்டிலும் வெயிலைக் காணாதவருக்கு அது பயன்படாது அல்லவா?

வெள்ளைப் பிள்ளைகளுக்கு மருந்து வந்த வழி

இந்த அறிவைப் பிரிட்டன் பயன்படுத்திக்கொண்ட விதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது வெண்ணெய் தட்டுப்பட்டது. மக்கள் மார்ஜரின் என்ற செயற்கை வெண்ணெயைத் தின்னலாயினர். 1940 முதல் மார்ஜரினில் வைட்டமின் ஏ, டி இரண்டையும் சேர்ப்பது கட்டாயமாயிற்று. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மீன் ஈரல் எண்ணெய் அரசாங்கத்தின் வழியே வந்தது. குழந்தைகளுக்கான பால் மாவில் வைட்டமின் டி சேர்க்கப்பட்டது. 1943 முதல் ரொட்டி மாவில் சுண்ணாம்புச் சத்தும் சேர்க்கப்பட்டது. கப்பல் சரக்கைச் சிக்கனப்படுத்தத் தவிடு அதிகமுள்ள மாவை மக்களுக்குக் கொடுக்க நேர்ந்ததே இதற்குக் காரணம். தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது என்பதை மெக்கான்ஸ், விடோசன் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டியிருந்தனர்.

கிளாஸ்கோ பிள்ளைகளின் கால்கள் நேராயின. அதற்காக எந்தத் தாயும் தன் சமையலை மாற்றிக்கொள்ளவில்லை. "ஓட்ஸ் கஞ்சியை விடுங்கள்" என்று எவரும் சுவரொட்டி ஒட்டவில்லை. அவர்கள் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்த பண்டத்துக்குள் மருந்து சத்தமின்றி வந்து சேர்ந்தது. 1950களில் சில குழந்தைகளுக்கு வைட்டமின் டி அளவு மீறிப்போய் இரத்தத்தில் கால்சியம் கூடியதாக மருத்துவர்கள் ஐயுற்றனர். அதனால் 1957இல் குழந்தை உணவில் சேர்க்கும் அளவைக் குறைத்தார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கு அதனால் பெரிய கேடு வரவில்லை. ரிக்கெட்ஸ் வரலாற்றுப் புத்தகத்துக்குள் போய்விட்டது என்றே நினைத்தார்கள்.

புதிய குடிகள்

அந்த வேளையில்தான் நம் துணைக்கண்டத்து மக்கள் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தனர். பிரிவினையில் வீடிழந்த பஞ்சாபியர், மங்களா அணைக்காக நிலமிழந்த மீர்ப்பூர்க்காரர், சில்ஹெட் பகுதியினர் எனப் பலர். முதலில் ஆண்கள் தனியே போனார்கள். ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் இரவு ஷிப்டு பார்த்தார்கள். கிளாஸ்கோவில் பஸ் ஓட்டினார்கள், டிக்கெட் கிழித்தார்கள். 1962ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வந்து கதவு மூடப்போகிறது என்றவுடன் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டிய ஆசியர்களில் ஏறத்தாழ 27,000 பேர் பிரிட்டனுக்கு வந்தனர். அவர்களில் மரக்கறி உண்ணும் குஜராத்தியர் பலர்.

1962இல் மாத்யூ டன்னிகன் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஸ்காட்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளாஸ்கோவின் பாகிஸ்தானியக் குடும்பங்களில் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸும் பெரியவர்களுக்கு ஆஸ்டியோமலேசியாவும் இருப்பதை அது அறிவித்தது. கைக்குழந்தைகளின் நோய் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் தோன்றியது புதுமையாயிருந்தது. உண்மையில் வியப்பதற்கில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உடல் திடீரென்று நெடுநெடுவென வளரும்போது கால்சியத்தின் தேவையும் எகிறுகிறது. சேமிப்பு குறைவாக உள்ள உடல் அப்போதுதான் பிடிபடும்.

தாய்மார்களின் நிலை இன்னும் பரிதாபம். ஆஸ்டியோமலேசியாவில் எலும்பு மட்டுமன்றித் தோள், இடுப்பு, தொடைத் தசைகளும் வலுவிழக்கும். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. படியேறக் கைப்பிடியைப் பற்ற வேண்டும். நடை வாத்து நடையாகும். இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் "நீ உடற்பயிற்சி செய்வதில்லை" என்று சொன்னால் எப்படியிருக்கும்? அவள் நடக்காததால் வந்த நோயன்று. நோய் வந்ததால் நடை போயிற்று. மொழி தெரியாத இடத்தில் 'உடம்பெல்லாம் வலி' என்று சொன்ன பெண்களுக்கு வாதம் என்றும் மனச்சோர்வு என்றும் பெயர் சூட்டி அனுப்பிவைத்ததும் உண்டு.

வெயிலின் கணக்கு

இனி நம் நிழற்குச்சிக்கு வருவோம். டிசம்பர் நண்பகலில் கிளாஸ்கோவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 11 பாகை கூட ஏறுவதில்லை. அவ்வளவு சாய்வாக வரும் கதிர், தலைக்கு நேராக வரும் கதிரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட காற்றையும் ஓசோனையும் ஊடுருவ வேண்டும். ஓசோன் எதை விழுங்குகிறது? நமக்கு வேண்டிய அந்த 290 – 315 நானோமீட்டர் பகுதியைத்தான். அதனால் அக்டோபர் முதல் மார்ச் வரை பிரிட்டனில் வெயிலில் நின்றாலும் வைட்டமின் டி அநேகமாக உருவாகாது. குளிர்கால வெயில் அங்கே வெளிச்சம் மட்டுமே. அந்த வகையில் ஜன்னல் கண்ணாடிக்குள் வந்த வெயில் போல.

எனவே கோடையில் சேமித்ததை வைத்துக் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். இரத்தத்தில் தங்கும் வைட்டமின் டி வடிவத்துக்கு, கதிரியக்கப் பொருளுக்கு இருப்பது போலவே, ஓர் அரை ஆயுள் உண்டு. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம். கொழுப்பில் உள்ள சேமிப்பு அதை ஓரளவு ஈடு செய்கிறது. ஆனால் கோடையிலேயே பை நிறையவில்லை என்றால் பிப்ரவரி, மார்ச்சில் பை காலி.

பை ஏன் நிறையவில்லை? கருத்த தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் அதிகம். வெப்ப நாட்டுச் சூரியனுக்கு அது குடை. வடநாட்டில் அதே குடை வேண்டாத நிழலாகிறது. 1982இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹாலிக் குழுவினர் செய்த சோதனையில், வெள்ளைத் தோலினரின் இரத்தத்தில் வைட்டமின் டி-யைப் பெருமளவு உயர்த்திய கதிரளவு, கருந்தோலினரிடம் அசைவே உண்டாக்கவில்லை. கதிரளவை ஆறு மடங்காக்கியபோது உயர்ந்தது. 1986இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியேறிகளிடம் இதே போன்ற சோதனை நடந்தது. போதிய கதிர் பட்டால் நம்மவர் தோலும் வெள்ளையர் தோலுக்குச் சமமாகவே வைட்டமினை உண்டாக்குகிறது என்று தெரிந்தது. தோலில் குறை ஒன்றுமில்லை. வேண்டியது கூடுதல் நேரம். ஆனால் உடல் முழுவதும் மூடிய உடை, வீட்டுக்குள் வேலை, பகலெல்லாம் தூங்க வேண்டிய இரவு ஷிப்டு, தெருவில் இறங்கினால் வசைபாடும் அண்டை அயலார் – இத்தனைக்கும் நடுவே அந்தக் கூடுதல் நேரத்துக்கு எங்கே போவது?

சப்பாத்தி மீது வழக்கு

உணவில் வைட்டமின் டி இயற்கையாக இருக்கும் பண்டங்கள் சில: கொழுப்புள்ள மீன், ஈரல், முட்டையின் மஞ்சள் கரு. சைவ உணவில் அநேகமாகக் கிடையாது. பாலிலும் மிகக் குறைவே. நம் முன்னோர் சமையலில் இது ஒரு குறையாக இருந்ததே இல்லை. தலைக்கு மேல் சூரியன் இலவசமாகக் கொடுத்ததைச் சமையல் தர வேண்டிய அவசியமே எழவில்லை. பஞ்சாபியர் கடல் கடந்தபோது சமையலைக் கொண்டுபோனார்கள். சூரியனைக் கொண்டுபோக முடியவில்லை.

அங்குள்ள மார்ஜரின் அவர்கள் அடுப்பில் ஏறவில்லை. நெய்யும் வெண்ணெயும்தான் ஏறின. அவற்றில் வைட்டமின் சேர்க்கப்படவில்லை. ரொட்டி மாவில் சேர்த்த சுண்ணாம்புச் சத்தோ முழுக் கோதுமை மாவுக்கு விதிக்கப்படவில்லை. முழுக் கோதுமை இயற்கை உணவு, அதில் எதையும் கலக்கக் கூடாது என்ற எண்ணமே காரணம். ஃபைட்டேட் மிகுந்த மாவுக்குத்தான் அது மிகவும் தேவை என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும் ரொட்டியில் ஃபைட்டேட் ஓரளவு சிதைந்துவிடும். நம் இட்லி மாவு புளிக்கும்போதும் அப்படித்தான். பிசைந்தவுடன் சுடும் சப்பாத்தியில் அது சிதைய நேரமில்லை.

1972இல் இரு ஆய்வுக் குழுவினர் சப்பாத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். சப்பாத்தியை நிறுத்தினால் நோயாளிகளின் இரத்தத்தில் கால்சிய நிலை சீரடைகிறது என்றார்கள். மறு ஆண்டே லண்டனில் சார்லஸ் டென்ட் குழுவினர் எதிர்ச் சாட்சி கொண்டுவந்தனர். ரிக்கெட்ஸ் வந்த ஓர் இந்தியச் சிறுவன் சப்பாத்தி தின்றுகொண்டே இருந்தான், புற ஊதா விளக்கு மட்டும் காட்டினார்கள், குணமானான். பெர்லின் சோதனை ஐம்பது ஆண்டுக்குப் பின் லண்டனில் மறுபடி நடந்தது போல!

இதில் யார் சொன்னது சரி? இருவருமே. 1987இல் எலிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளிவந்து முடிச்சை அவிழ்த்தது. உணவில் கால்சியம் போதாதபோது, உடல் அதை இழுத்துச் சேர்க்கும் முயற்சியில், சேமிப்பிலுள்ள வைட்டமின் டி-யை ஈரலில் வேகமாக அழித்துத் தீர்த்துவிடுகிறது. வெயில் தாராளமாக இருந்தால் அழிவது தெரியாது. வெயில் சுருங்கினால் தெரியும். மெல்லன்பியின் ஓட்ஸ் கஞ்சி நினைவிருக்கிறதா? ஓட்ஸிலும் ஃபைட்டேட் மிகுதி. 1910இல் கிளாஸ்கோத் தொழிலாளியின் வீட்டில் ஓட்ஸும் புகை மூடிய வானமும் சேர்ந்து செய்த வேலையை, 1960இல் அதே நகரத்தில் சப்பாத்தியும் தோலின் மெலனினும் சேர்ந்து செய்தன. ஒரே தெரு, ஒரே நோய், குடித்தனக்காரர்தாம் வேறு. மாமிசம் உண்ணாதவர்களிடம் ஆஸ்டியோமலேசியா மிகுதி என்பதை டன்னிகன் பின்னர் வலியுறுத்தினார். மாமிசத்திலுள்ள சிறிதளவு வைட்டமின் டி மட்டுமே அந்தப் பாதுகாப்பை விளக்கப் போதாது.

மாவிலா, வாயிலா?

நோய் ஒன்றாக இருந்தும் வைத்தியம் ஒன்றாக இல்லை. மார்ஜரினில் சேர்த்ததைப் போல் சப்பாத்தி மாவில் வைட்டமின் டி சேர்த்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. வெறும் பேச்சன்று, டன்னிகனும் பிறரும் கிளாஸ்கோ ஆசியக் குடும்பங்களுக்கு அத்தகைய மாவைக் கொடுத்துப் பார்த்து, இரத்தத்தில் வைட்டமின் அளவு உயர்வதை 1976இல் வெளியிட்டனர். 1980இல் அரசாங்கத்தின் நிபுணர் குழு இதை ஏற்கவில்லை. அளவு மீறிவிடும் என்ற 1950களின் அச்சம் ஒரு பக்கம். ஆசியர் எல்லாரும் சப்பாத்தி உண்பவர் அல்லர் என்ற வாதம் ஒரு பக்கம். இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு, சில்ஹெட்காரர் சோறுண்பவர். ஆனால் 1940இல் பிரிட்டனில் எல்லாருமா மார்ஜரின் தின்றார்கள்?

அதற்குப் பதில் 1981இல் 'ரிக்கெட்ஸை நிறுத்துவோம்' என்ற இயக்கம் தொடங்கிற்று. பல இந்திய மொழிகளில் துண்டறிக்கைகள் வந்தன. பிரிட்டிஷ் உணவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் இருங்கள் என்ற அறிவுரைகள் அவற்றில் இருந்தன. அறிவுரை பொய்யன்று. ஆயினும், வெள்ளைத் தாய்க்கு மருந்து ரொட்டியின் மேல் தடவிக் கொடுக்கப்பட்டது. ஆசியத் தாய்க்கு "உன் வழக்கத்தை மாற்று" என்று சொல்லப்பட்டது. குடியேறிய மக்களின் நலத்துக்காகப் பாடுபட்டவர்கள் இதைத்தான் கண்டித்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

கிளாஸ்கோ நகரம் வேறு வழியில் போயிற்று. 1979 மார்ச்சில், 18 வயது வரையுள்ள ஆசியப் பிள்ளைகள் எவர் கேட்டாலும் இலவசமாக வைட்டமின் டி மருந்து கொடுக்கும் திட்டம் அங்கே தொடங்கிற்று. பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் குடும்பங்களிடையேயும் செய்தி பரவிற்று. சப்பாத்தியை விடச் சொல்லவில்லை. உடையை மாற்றச் சொல்லவில்லை. 1985இல் முடிவு வெளியாயிற்று. ரிக்கெட்ஸ் நோயுடன் மருத்துவமனைக்கு வந்த ஆசியப் பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்திருந்தது. மருந்தை நாள் தவறாமல் விழுங்காமல் விட்டுவிட்டு எடுத்துக்கொண்ட பிள்ளைகளிடமும் பயன் தெரிந்தது. இதற்கு வேண்டிய அளவோ நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம்; ஒரு கிராமில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசில் கூட முள் அசையாது.

அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பிரிட்டனில் இருபத்தோராம் நூற்றாண்டிலும் ரிக்கெட்ஸ் தலைகாட்டியது, பெரும்பாலும் கருந்தோல் கொண்ட குழந்தைகளிடமே. 2016இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பரிந்துரையைத் திருத்தி அமைத்தது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும், வெள்ளையர் கறுப்பர் என்ற வேற்றுமையின்றி, எல்லாருமே நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம். தெற்காசியர் போன்றோர் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ள எண்ணலாம் என்பது அது. கிளாஸ்கோவில் அகப்பட்ட அதே 10 மைக்ரோகிராம்! பின்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய் 2003 முதல் பாலிலேயே சேர்க்கத் தொடங்கிற்று.

நம்மவருக்கும் இதில் பங்குண்டு. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் நார்வேயில் குடியேறியிருப்பதை அறிவீர்கள். இலங்கையில் கண்டி நகரத்தாரையும், இலங்கையில் பிறந்து ஓஸ்லோவில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. ஓஸ்லோவில் வாழ்வோரின் இரத்தத்தில் வைட்டமின் டி வெகுவாகக் குறைந்திருந்தது. நார்வேக்காரர் காலங்காலமாகக் குளிர்காலத்தில் காட் மீன் ஈரல் எண்ணெயைக் கரண்டியில் ஊற்றி விழுங்குபவர்கள். அந்த நாற்றத்துக்கு நம்மவர் மூக்கு பழகாவிட்டால் மாத்திரை இருக்கிறது. உங்கள் உறவினர் எவரேனும் அங்கே இருந்தால், நம் குச்சியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். ஓஸ்லோவில் மார்கழி நண்பகலில் அந்த ஒரு மீட்டர் குச்சியின் நிழல் எட்டரை மீட்டர்.